அப்பா காட்டிய கை

அன்று ஞாயிற்றுக்கிழமை. கோயிலை விட்டு வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். எதிர்ச்சாரியில் பூக்கடை. மனைவி பைக்குள் சில்லறை தேடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தால் மகளைப் பக்கத்தில் காணோம். நடுச்சாலையில் இருந்தாள்.

அப்போது அவளுக்கு ஆறு வயது. ஓடவில்லை, பதறவில்லை. வலது கையை நீட்டி, வருகிற வண்டிகளுக்கு உள்ளங்கையைக் காட்டியபடி, முகத்தைக்கூடத் திருப்பாமல் நேராக நடந்துகொண்டிருந்தாள். பைக்கில் வந்த இளைஞர் கடைசி நொடியில் பிரேக்கை மிதித்தார். வண்டி கோணலாகச் சறுக்கி, அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவர் திட்டவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து அழுது ஓய்ந்த பிறகு அவள் கேட்டாள்: “நீங்க கை காட்டினா எல்லா வண்டியும் நிக்குதுல்லப்பா? நான் காட்டினா ஏன் நிக்கல?”

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கை என்னுடையது. நேரமாகிவிட்ட காலைகளில் அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும்போது, வண்டிகள் ஓயாத இடத்தில் நான் அப்படித்தான் கையை நீட்டிக்கொண்டு சாலையில் இறங்குவேன். “ரோட்டுல பாத்துப் போகணும்மா, ஓடக் கூடாது” என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவள் என் வாயைக் கவனிக்கவில்லை. கையைக் கவனித்திருக்கிறாள்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

கணக்கு கண்ணுக்குத் தெரியாது

நம் ஊரில் சாலையைக் கடக்கும் பெரியவர்கள் எல்லோரும் மனதுக்குள் ஒரு கணக்குப் போடுகிறோம். தூரத்தில் வருவது தண்ணீர் லாரி, அது நிற்காது. அதன் பின்னால் ஷேர் ஆட்டோ, ஆள் ஏற்ற எப்படியும் ஓரம் கட்டும். இந்தக் காரின் ஓட்டுநர் நம்மைப் பார்த்துவிட்டார். அந்த பைக் பையன் போன் பேசுகிறான், அவனை நம்ப முடியாது. இருபது முப்பது வருடப் பழக்கம் இந்தக் கணக்கை இரண்டே நொடியில் போட்டுவிடுகிறது. கையை நீட்டி இறங்குகிறோம். பெரும்பாலும் தப்பித்துவிடுகிறோம்.

கையைப் பிடித்துக்கொண்டு கூட வரும் பிள்ளைக்கு இந்தக் கணக்கில் ஓர் எழுத்தும் தெரியாது. அப்பா இறங்கினார், வண்டிகள் வேகம் குறைத்தன, நாங்கள் அந்தப் பக்கம் போய்விட்டோம். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். நாளை தனியாகக் கடக்கும்போது செயலை அப்படியே செய்யும், கணக்கு மட்டும் இருக்காது.

அந்தக் கணக்கைப் பிள்ளைகளால் போடவே முடியாதா? ஓரளவுக்கு மேல் முடியாது என்பதுதான் ஆய்வுகள் சொல்வது. லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் ஜான் வான் என்ற உளவியல் பேராசிரியரின் குழு இதைச் சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டது. ஒரு வண்டி நம்மை நெருங்குகிறது என்பதை நம் கண் எப்படி அறிகிறது? அதன் உருவம் பெரிதாகிக்கொண்டே வருவதை வைத்துத்தான். இந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளும் திறன் ஆரம்பப் பள்ளி வயதில் முழுதாக வளர்ந்திருப்பதில்லை. மணிக்கு 20 மைலுக்கு மேல், அதாவது சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் போகும் வண்டியின் நெருக்கத்தை அந்த வயதுப் பிள்ளைகளால் நம்பகமாகக் கணிக்க முடியவில்லை என்று கண்டார்கள். இதில் நெஞ்சை அடைக்கும் செய்தி ஒன்று உண்டு. வண்டி எவ்வளவு வேகமாக வருகிறதோ, அவ்வளவுக்கு அது நெருங்காததுபோல் பிள்ளைக்குத் தோன்றக்கூடும். “இவ்ளோ பெரிய லாரி வருது, கண்ணு தெரியலையா?” என்று அதட்டுகிறோமே, பல சமயம் உண்மையிலேயே அது தெரிவதில்லை.

உயரத்தையும் யோசியுங்கள். ஆறு வயதுப் பிள்ளை ஏறக்குறைய மூன்றே முக்கால் அடி இருக்கும். ஓரத்தில் நிற்கும் சரக்கு ஆட்டோவுக்குப் பின்னாலிருந்து அது எட்டிப் பார்க்கவும் முடியாது, ஓட்டுநருக்கு அது இருப்பது தெரியவும் தெரியாது. நாம் காட்டும் கை ஓட்டுநரின் கண்மட்டத்தில் இருக்கிறது. பிள்ளை காட்டும் கை பானெட்டுக்குக் கீழே போய்விடுகிறது. என் மகளின் கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்.

இன்னொரு சின்னக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். மீடியன் வைத்த நான்கு வழிச் சாலையில் ஒரு பக்கம் கடக்கவே சுமார் 7 மீட்டர் நடக்க வேண்டும். பையைச் சுமந்த பிள்ளை நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் 7 நொடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார் அந்த 7 நொடியில் 115 மீட்டருக்கு மேல் வந்துவிடும். கால்பந்து மைதானத்தின் நீளத்துக்கும் அதிகம். அவ்வளவு தூரம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டா நாம் பிள்ளையோடு இறங்குகிறோம்?

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து சென்றவர்கள் 32,825 பேர், நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 பேர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிகமாக, 64,105 விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. உலக அளவில் 5 முதல் 29 வயதுவரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமாக இருப்பது நோய் அல்ல, சாலை விபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். சொட்டு மருந்து நாளைத் தவறவிடாத தாய்மார்கள் நிறைந்த மாநிலம் இது. அந்த அக்கறையில் ஒரு பங்கு சாலைக்கும் வேண்டும்.

பள்ளி வாசலில் சில மாலைகள்

சென்னைப் புறநகரில், நான்கு வழிச் சாலையை ஒட்டிய ஒரு பள்ளியின் வாசலில் சில நாட்கள் மாலை நின்று பார்த்தேன். நான்கு மணிக்கு மணி அடிக்கும். அதற்குள் சுண்டல் வண்டி, ஐஸ் வண்டி, பத்துப் பன்னிரண்டு ஆட்டோக்கள், இரண்டு வரிசையாக ஸ்கூட்டிகள். கேட் திறந்ததும் பிள்ளைகள் வெள்ளமாக வெளியே வருவார்கள்.

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியபடி ஒரு கையில் பையும் மறு கையில் பிள்ளையுமாகக் கடக்கும் அப்பாக்களைப் பார்த்தேன். மீடியனில் யாரோ பெயர்த்துவைத்த இடைவெளியில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நுழையும் அம்மாக்களைப் பார்த்தேன். ஐம்பதடி தள்ளி வரிக்குதிரைக் கோடு இருக்கிறது. பெயின்ட் பாதி அழிந்திருந்தாலும் இருக்கிறது. அங்கே போய்க் கடந்தவர்கள் மிகக் குறைவு.

என்னை உலுக்கியது வேறொன்று. எதிர்ப்பக்கம் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. பள்ளிப் பக்கம் வர வேண்டுமென்றால் யு டர்ன் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்தே கையை ஆட்டி, “டேய், இங்க! வா, வா, சீக்கிரம்!” என்று மகனைக் கூப்பிட்டார். பையனுக்கு ஏழெட்டு வயது இருக்கும். அவன் வலது பக்கம் பார்க்கவில்லை, இடது பக்கம் பார்க்கவில்லை. அவன் பார்வை முழுக்க அப்பாவின் முகத்தில் இருந்தது. சிரித்துக்கொண்டே ஓடினான். மாநகரப் பேருந்து ஒன்று தொடர்ந்து ஹாரன் அடித்தபடி வேகம் குறைத்தது. பையன் போய் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டான். அப்பா பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நடந்தது அவருக்குத் தெரியவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவரைக் கெட்ட அப்பா என்று சொல்ல மாட்டேன். வேலையிலிருந்து அனுமதி கேட்டு வந்திருப்பார். அடுத்து டியூஷன் இருக்கும். ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து பிள்ளையைக் கூப்பிடுவதைப்போல ஆபத்தான பழக்கம் வேறில்லை. அன்புள்ள முகம் அந்தப் பக்கம் இருக்கும்போது பிள்ளைக்கு நடுவில் சாலை என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். பந்தின் பின்னால் ஓடும் பிள்ளையும் இப்படித்தான், ஐஸ் வண்டியைப் பார்த்து ஓடும் பிள்ளையும் இப்படித்தான். பந்தைக் குறை சொல்ல முடியாது. நம்மைச் சொல்லலாம்.

அதே வாசலில்தான் அந்த ஆயாவையும் பார்த்தேன். அறுபத்தைந்து வயது இருக்கும். பேரன் மூன்றாம் வகுப்பு. நடைபாதை முடியும் இடத்தில் நின்றார். பேரனின் விரல்களைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

“என்ன வருது, சொல்லு.”

“பஸ்ஸு வருது ஆயா.”

“அப்பறம்?”

“ரெண்டு பைக்கு. இந்தாண்ட ராங் சைடுல ஒரு ஆட்டோ.”

“போலாமா?”

“வேணாம்... வேணாம்... ஆங், இப்போ போலாம்.”

ஆயா ஒருமுறை தானும் வலது, இடது, மறுபடி வலது பார்த்தார். பிறகுதான் இறங்கினார். ஓடவில்லை. மீடியனுக்கு வந்ததும் மறுபடி நின்று, மறுபடி அதே கேள்வி. மொத்தம் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

பின்னாலேயே போய்ப் பேச்சுக் கொடுத்தேன். “நான் பாத்துக்கினுதான் இருக்கேன்பா. ஆனா அவன் வாயால வரணும்ல. நாளைக்கு சைக்கிள் எடுத்துக்கினு தனியாதான போவான்?” என்றார். பிள்ளைக்குச் சாலையைக் கற்றுக்கொடுப்பது பற்றி நான் படித்த எதிலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை. மறைந்திருக்கும் கணக்கை அவர் வாய்விட்டுப் போட வைக்கிறார். பேரனுக்குக் கிடைப்பது ஆயா கடந்தார் என்ற காட்சி மட்டுமல்ல. எதைப் பார்த்துக் கடந்தார், எதற்காக நின்றார் என்பதும் சேர்ந்து கிடைக்கிறது.

ராங் சைடு ஆட்டோவைப் பேரன் சொன்னானே, அதையும் கவனியுங்கள். இடப்பக்கம் வண்டி ஓடும் நாட்டில் முதலில் வலப்பக்கம் பார்க்க வேண்டும் என்பது பாடப்புத்தகம். நம் ஊர் நிலவரம் என்னவென்றால், ஒருவழிச் சாலையிலும் இரண்டு பக்கமும் பார்த்தாக வேண்டும்.

கை உயர்த்துவதிலும் இரண்டு வகை

ஜப்பானில் பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது கையை உயர்த்துவார்கள். மஞ்சள் தொப்பி அணிந்த சின்னஞ்சிறு பிள்ளைகள் கோட்டருகே நின்று கையை உயரத் தூக்குவதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். இந்தப் பழக்கத்தை அந்நாட்டுப் போக்குவரத்து நெறிமுறை 1978-இல் நீக்கியிருந்தது. 2021-இல் மீண்டும் சேர்த்துவிட்டார்கள், பெரியவர்களுக்கும் சேர்த்து.

என் மகள் தூக்கியதும் கைதான். ஆனால் ஜப்பானியப் பிள்ளை ஓரத்தில் நின்றபடி கையைத் தூக்குகிறது. ‘நான் கடக்க வேண்டும், என்னைப் பாருங்கள்’ என்று கேட்கிறது. வண்டி நின்ற பிறகுதான் காலை எடுத்து வைக்கிறது. நாம் இறங்கி நடந்துகொண்டே கையைக் காட்டுகிறோம். ‘நான் வந்துவிட்டேன், நீ நில்’ என்கிறோம். வண்டி நிற்பதற்கு முன்பே நம் உயிர் அதன் முன்னால் இருக்கிறது. இந்த வேறுபாட்டை இப்போது மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கை காட்டலாம், ஆனால் கால் நடைபாதையில்தான் இருக்க வேண்டும்.

ஜெர்மனியில் பல சிக்னல் கம்பங்களில் ஒரு சிறு பலகை இருக்கும். பச்சையில் மட்டும் கடக்கவும், பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக இருக்கவும் என்று சொல்லும் பலகை. அதைப் பிள்ளைகளுக்காக எழுதவில்லை, பெரியவர்களுக்காக எழுதியிருக்கிறார்கள். இரவில், வண்டியே இல்லாத சாலையில், சிவப்பு மாறுவதற்காகக் காத்து நிற்கும் பெரியவர்கள் அங்கே சாதாரணக் காட்சி. பக்கத்தில் நிற்பது ஊரான் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், அது பார்த்துக்கொண்டிருக்கும்போது சிவப்பில் இறங்குவதைத் தவறாகவே நினைக்கிறார்கள்.

இந்த ஒன்றை நாம் யோசிப்பதே இல்லை. என் பிள்ளை என்னோடு இல்லாதபோதும் என்னை ஏதோ ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில், சிக்னலில், முன்னால் நிற்கும் பைக்கின் டேங்க் மேல் உட்கார்ந்தபடி. டேங்க் மேல் உட்காரும் அந்தப் பிள்ளைதான் எல்லாவற்றையும் பார்க்கிறது. அப்பா வரிக்குதிரைக் கோட்டின் மேல் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். நடப்பவர்கள் வண்டிகளைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். சிவப்பு மாறும் முன்பே அப்பா கிளம்புகிறார். அந்தப் பிள்ளைதான் பதினாறு வயதில் சாவியைக் கேட்கும். சிறுவன் சட்டத்தை மீறி வண்டி ஓட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. சட்டம் பதினாறு வயதில் வந்து கேட்கிறது. பாடம் ஆறு வயதிலேயே நடந்துவிடுகிறது.

“போலீஸ் மாமா புடிச்சுப்பார்” என்று பயம் காட்டி நிறுத்தும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. போலீஸ் இல்லாத இடத்தில் நிற்க வேண்டியதில்லை என்றுதான் பிள்ளை அதைப் புரிந்துகொள்ளும். நிற்பது ஏன் என்று சொல்லுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கும் அது புரியும்.

சாலையும் மாற வேண்டும்

பெற்றோர் மட்டும் திருந்தினால் போதும் என்று எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது. நடைபாதையில் டிரான்ஸ்பார்மர், கடை, குப்பைத்தொட்டி. கோடு அழிந்த கடவைகள். முழங்கால் வலிக்காரர் ஏற முடியாத நடைமேம்பாலம். பத்து நொடியில் அணைந்துவிடும் பச்சை மனிதன். கிலோமீட்டர் கணக்கில் கடக்கவே வழியில்லாத புறவழிச்சாலைகள். இவற்றுக்கு நடுவே பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடும் தாயைப் பார்த்து, ‘முன்மாதிரியாக இரு’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் ஸ்டினா சாண்டெல்ஸ் 1960-களிலேயே ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளைச் சாலையில் கவனித்து, ஒரு முடிவுக்கு வந்தார். எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் சிறு பிள்ளைகளை இன்றைய போக்குவரத்துக்கு ஏற்ப முழுதாக மாற்றிவிட முடியாது, போக்குவரத்தைத்தான் அவர்களுக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்பதே அது. 2020 பிப்ரவரியில் அதே நாட்டின் தலைநகரில் நடந்த உலக அமைச்சர்கள் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம், நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் வேகம் 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றது. பிள்ளையின் கண்ணால் கணிக்க முடிகிற வேகமும் ஏறத்தாழ அதுவே.

நம் பக்கத்திலிருந்தே எழுந்த குரல் ஒன்று உண்டு. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அடிபட்டு வருகிறவர்களை அறுவை மேசையில் பார்த்துப் பார்த்துப் பழகிய மருத்துவர். அந்த வழக்கின் வழியாகத்தான் 2014-இல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. தடையில்லாத நடைபாதை என்பது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிக்னலோ காவலரோ இல்லாத கடவையில் நடப்பவர் கால் வைத்தால் வண்டி நின்று வழிவிட வேண்டும் என்று 2017-இன் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் ஏற்கெனவே சொல்கின்றன. வண்டி ஓட்டும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பள்ளிப் பேருந்தில் உதவியாளர் இருக்க வேண்டும் என்று தமிழக அரசின் 2012 சிறப்பு விதிகள் சொல்கின்றன. பிள்ளையை இறக்கிவிடுவதோடு அவர் வேலை முடியக் கூடாது. கையைப் பிடித்துக் கடத்திவிட வேண்டும், அல்லது வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் பிள்ளை போகும் வேனில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பள்ளியில் கேளுங்கள். வரிக்குதிரைக் கோடு அழிந்திருந்தால் வார்டு கவுன்சிலரிடம் பெற்றோர் சங்கமாகப் போய்க் கேளுங்கள். ஒருவராகக் கேட்பதைவிட முப்பது பேராகக் கேட்டால் பெயின்ட் சீக்கிரம் வரும்.

அதுவரைக்கும் நம் கையில் இருப்பது நம் நடை மட்டும்தான்.

என் வீட்டில் என்ன மாறியது என்று சொல்கிறேன். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறோம். எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் அதுதான், ஏனென்றால் நான் கையை நீட்டிக்கொண்டு இறங்கியதெல்லாம் மணி எட்டரையைத் தாண்டிய நாட்களில்தான். வெறும் சாலையாக இருந்தாலும் ஓரத்தில் ஒரு முறை நிற்கிறோம். நின்ற வண்டிகளுக்கு நடுவே நுழைவதில்லை. பேருந்திலிருந்து இறங்கினால் அது போன பிறகே கடக்கிறோம். நடைபாதை இல்லாத இடத்தில், எதிரே வரும் வண்டிகள் கண்ணில் படும்படி வலது ஓரமாக நடக்கிறோம், அவள் உள்பக்கம், நான் சாலைப் பக்கம். போன் பைக்குள் இருக்கிறது. ஆயாவிடம் கற்றதுபோல், “என்ன வருது, சொல்லு” என்று கேட்கிறேன். முதலில் அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. இப்போது ஒன்பது வயதாகிறது. அவசரத்தில் நான் ஒரு கால் இறக்கினால், “அப்பா, பின்னாடி வாங்க” என்று சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்.

எங்கள் பழக்கத்தை முழுதாக மாற்ற ஏறக்குறைய ஒரு பள்ளி ஆண்டு ஆனது. உங்களுக்கும் ஒரே நாளில் வராது. ஆனால் ஒன்றை இன்றே செய்ய முடியும். மாலை நான்கு மணிக்குப் பள்ளிக்குப் போகும்போது, எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்தினால் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். கையும் ஆட்டாதீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டு நீங்கள் கடந்து போங்கள். மணிக்கட்டைப் பிடித்து அழைத்து வாருங்கள்.